மூன்று நிமிட ஓட்டமும் நான்கு சக்கரங்களும்

இருசும் சக்கரமும் செம்மையாக அமைந்த பிறகே வண்டிக்குக் கூண்டு கட்டுவது நம் ஊர்த் தச்சர்களின் வழக்கம். கூண்டு எவ்வளவு அழகாயிருந்தாலும், சக்கரம் கழன்றால் வண்டி வீடு போய்ச் சேராது. மிக எளிய இவ்வுண்மை, இன்றைய பொறியியல் கல்லூரி மாணாக்கர் போட்டிகளுக்கென அமைக்கும் ரோபோ என்னும் தானியங்கிப் பொறிக்கும் அப்படியே பொருந்தும். அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். கலைப் பட்டம் பெற்று மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இயந்திரத்தில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் கற்கும் கலையைப் பற்றி நம் மொழியில் அவர்களோடு பேச முடியவேண்டும் என்னும் அக்கறையே அது.

ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தும் ரோபோகான் போட்டி 2002-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் தொடங்கியது. நம் நாட்டில் இதற்கான தேசியப் போட்டியைத் தூர்தர்ஷன் நடத்தி வருகிறது. 2008-இலும் 2014-இலும் புணே நகரமே பன்னாட்டுப் போட்டிக்கு அரங்கமாயிற்று. 2008-இல், உறியில் வெண்ணெய் எடுக்கும் கண்ணனின் விளையாட்டைத் தழுவியே ஆட்டவிதி அமைந்தது. ஆண்டுதோறும் விதி மாறும். ஆயினும் ஆட்டம் பெரும்பாலும் மூன்று நிமிடங்களே. பல மாத உழைப்பின் பலன் அந்த மூன்று நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

அந்நேரத்தில் தோற்பவை எவை? எடுக்கும் கையும் எறியும் விசையும் பழுதாவது உண்டுதான். ஆனால் கை பழுதுற்ற ரோபோ சில புள்ளிகளை இழக்கும். சக்கரம் பழுதுற்ற ரோபோ ஆட்டத்தையே இழக்கும். ஆகவே ஓடும் அடித்தளமே முதற்பணி.

அடித்தளத்தை வகுப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வேகமா, விசையா என்பது. மின்மோட்டார் இயல்பாகவே மிக விரைந்து சுழலும். ஆனால் அதன் திருப்புவிசை சிறிது. நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் மோட்டாரைப் பல்சக்கரங்களால் இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால், சக்கரம் 300 முறை சுழலும். திருப்புவிசையோ, உராய்வில் இழப்பது போக, ஏறத்தாழ இருபது மடங்காகும். சக்கரத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டரானால் அதன் சுற்றளவு சுமார் 31 சென்டிமீட்டர். ஆகவே ரோபோ வினாடிக்கு ஒன்றரை மீட்டர் தூரம் செல்லும். அதே அச்சில் 15 சென்டிமீட்டர் சக்கரத்தைப் பூட்டினால் வேகம் ஒன்றரை மடங்காகும். தள்ளும் விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுத்தே ஆகவேண்டும்.

வேகத்தின்மேல் ஆசை வைத்து விசையை மிகவும் குறைத்தால் மோட்டார் திணறும். திணறும் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை உறிஞ்சிச் சூடேறும். மின்கலத்தின் அழுத்தம் சரிந்து, கட்டுப்பாட்டுக் கருவி நின்று மீண்டும் தொடங்குவதும் உண்டு. மூன்று நிமிட ஆட்டத்தில் அந்தச் சில வினாடிகளே தோல்விக்குப் போதும்.

விசையைக் கூட்டிக்கொண்டே போவதாலும் பயனில்லை. தரையைச் சக்கரம் எவ்வளவு பற்றுகிறதோ, அவ்வளவே தள்ளமுடியும். அந்தப் பற்று, சக்கரத்தின்மேல் இறங்கும் எடையையும், சக்கரம் தரை இவற்றின் பொருளையும் பொறுத்தது. 25 கிலோ எடையுள்ள ரோபோவின் எல்லாச் சக்கரங்களும் மோட்டாரால் இயங்குமானால், முழு எடையும் பற்றுக்கு உதவும். இரண்டு சக்கரங்களே இயங்கி, அவற்றின்மேல் பாதி எடையே இறங்குமானால், பற்றும் பாதியாகும். அதற்கு மேற்பட்ட விசையெல்லாம் சக்கரம் வழுக்கிச் சுழல்வதிலேயே வீணாகும்.

அடுத்தது திரும்புதல். நேர்வீதியில் வடம்பிடித்தால் ஓடிவரும் கோயில் தேர், வீதி முனையில் எவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதை நாம் கண்டிருக்கிறோம். அதன் சக்கரங்கள் திசை மாறா. முட்டுக்கட்டை கொடுத்து, தரையோடு உரசி உரசியே அதைத் திருப்புகிறார்கள். ரோபோவிலும் இதே இடர்ப்பாடு உண்டு. இடப்பக்கச் சக்கரங்களை முன்னோக்கியும் வலப்பக்கச் சக்கரங்களைப் பின்னோக்கியும் சுழற்றித் திருப்பும்போது, ஒவ்வொரு சக்கரமும் சிறிது பக்கவாட்டில் தேய்ந்தே நகரவேண்டும். ரோபோ நீண்டு ஒடுங்கியிருந்தால் தேய்வு மிகும்; அகன்று குறுகியிருந்தால் குறையும். சிலர் ஆறு சக்கரங்கள் வைத்து, நடுச் சக்கரங்களை மட்டும் சுமார் 3 மில்லிமீட்டர் தாழ்த்துவர். அப்போது ஒரே சமயத்தில் நான்கு சக்கரங்களே அழுந்தி நிற்பதால், நீளம் பாதியானதுபோல ரோபோ எளிதில் திரும்பும்.

வேறு வழியும் உண்டு. விளிம்பைச் சுற்றிச் சிறு உருளைகள் பதித்த ஆம்னி சக்கரம் முன்பின்னாக உருளும். பக்கவாட்டிலும் தடையின்றி நழுவும். இத்தகைய மூன்று சக்கரங்களை முக்கோணமாக அமைத்தால் ரோபோ எத்திசையிலும் செல்லும். சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெங்ட் இலோன் 1970-களில் அறிமுகம் செய்த மெக்கானம் சக்கரத்தில், உருளைகள் 45 பாகைச் சாய்வில் இருக்கும். நான்கு சக்கரங்களைத் தனித்தனி மோட்டாரால் இயக்கினால் ரோபோ நண்டைப்போலப் பக்கவாட்டில் நகரும். ஆனால் இவற்றால் எதிரில் நிற்பதைத் தள்ளும் ஆற்றல் குறையும். மேலும், முக்காலி எத்தரையிலும் ஆடாது நிற்கும். நாற்காலியோ மேடுபள்ளத்தில் ஒரு காலைத் தூக்கும். அவ்வாறே நான்கு சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழுந்தால், மெக்கானம் ரோபோ நினைத்த திசையில் போகாது. சட்டம் சிறிது வளைந்து கொடுக்குமாறு அமைப்பது நலம்.

இனி, சக்கரத்தைப் பூட்டுவது. மோட்டாரின் சிறு அச்சிலேயே சக்கரத்தைச் செருகிவிடுவது எளிது; கேடும் அதிலேயே உள்ளது. மோட்டாரின் வேலை சுழற்றுவது, சுமப்பது அன்று. சுமை இறங்குமிடம் தாங்குமிடத்திலிருந்து 2 சென்டிமீட்டரில் இருந்தால் அச்சு ஓரளவே வளையும்; 6 சென்டிமீட்டரில் இருந்தால் வளைக்கும் விசை மும்மடங்காகும். ஆகவே சக்கரத்தைச் சட்டத்தின் இரு பலகைகளுக்கிடையே வைத்து, அச்சின் இரு முனைகளையும் பேரிங்குகளில் தாங்கி, மோட்டாரின் சுழற்சியைச் சங்கிலியாலோ பல்சக்கரத்தாலோ கொண்டுவருவதே சிறந்த முறை. ஒரு பக்கமே தாங்க நேர்ந்தால், இரண்டு பேரிங்குகளை இடைவெளி விட்டு அமைத்து, வெளிப்பேரிங்குக்கு மிக அருகில் சக்கரத்தைப் பூட்டவேண்டும்.

வழவழப்பான உருண்டை அச்சில் ஒரு சிறு திருகை மட்டும் நம்பிச் சக்கரத்தின் குடத்தை நிறுத்தினால், முன்னும் பின்னும் மாறிமாறிச் சுழலும்போது திருகு தளரும். அச்சிலும் குடத்திலும் காடி வெட்டி எஃகுத் துண்டைச் செருகுவதோ, ஆறு பட்டைகள் கொண்ட அச்சைப் பயன்படுத்துவதோ தக்கது. சக்கரம் வெளியே நழுவாதிருக்கக் கடையாணி போன்ற தடுப்பும் வேண்டும். எல்லா அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், நேரே செல்லவேண்டிய ரோபோ ஒரு பக்கமாக ஒதுங்கும். சங்கிலியும் பல்லை விட்டுத் தாண்டும்.

இவற்றைவிட முக்கியமானது வேலையின் வரிசை. கையையும் பிடியையும் பற்றிய விவாதம் முடியட்டும் என்று அடித்தளத்தைத் தள்ளிவைக்கலாகாது. முதல் சில வாரங்களிலேயே அதை முடித்து, மேலே வரப்போகும் பாகங்களின் எடைக்கு ஈடாக மணல்மூட்டையை ஏற்றி, நாள்தோறும் ஓட்டிப் பார்க்கவேண்டும். தளரும் திருகும் வளையும் அச்சும் அங்கேயே வெளிப்படும். இயக்குபவனுக்குக் கை பழகும். கட்டளை நிரல் எழுதுபவனுக்குச் சோதிக்க ஒரு வண்டி கிடைக்கும். அடித்தளத்தைக் கடைசியில் முடிக்கும் குழுவோ, அரங்கிலேதான் முதன்முறையாக ஓட்டக் கற்கிறது.

தில்லியிலோ புணேயிலோ சூரத்திலோ குடியிருக்கும் நேயர்களே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய குழுவில் சேர்ந்து இரவு நேரம் கழித்து வீடு திரும்பலாம். என்ன செய்கிறாய் என்று கேட்டால் ஆங்கிலச் சொற்களாகவே விடை வரும். தயங்கவேண்டாம். குடம், ஆரக்கால், இருசு, கடையாணி ஆகிய சொற்களை நம் முன்னோர் மாட்டுவண்டிக்கே வைத்துச் சென்றனர். ரோபோவும் ஒரு வண்டிதான். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எடை எந்தச் சக்கரங்களின்மேல் இறங்குகிறது? இருசை எத்தனை இடத்தில் தாங்கியிருக்கிறாய்? முழுச் சுமையோடு எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தாய்? இவற்றுக்குத் தெளிவான விடை கூறும் பிள்ளை, போட்டியில் வென்றாலும் தோற்றாலும் பொறியியலின் அடிப்படையைக் கற்றுக்கொண்டதாகவே கொள்ளலாம். மூன்றாவது கேள்விக்கு விடை வராவிட்டால், அதைக் கேட்ட உங்களால் அப்பிள்ளைக்கு நன்மையே விளையும். ஓட்டிப் பார்க்க இன்னும் நாள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.