உடலின் சொற்களும் நம் உரிமையும்

(சங்கத்தின் கல்விக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளிவிழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் மேடையில் ஊடுகதிர்ப் படத்தைப் பற்றியும் எலும்புகளின் பெயர்களைப் பற்றியும் பேசப் போகிறோம் என்றதும் சிலர் வியந்தனர். அரசியல் உரிமையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் எலும்பின் பெயர் எதற்கு என்று வினவினர். எலும்பின் பெயரும் ஓர் உரிமையே என்பதுதான் நமது விடை.

நமது வட்டாரத்துத் துப்புரவுத் தொழிலாளர் ஒருவருக்கு நெடுநாள் இருமல். மருத்துவமனையில் மார்புப் படம் எடுத்துச் சளியையும் சோதித்தார்கள். தாளில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதித் தந்தார்கள். எடுத்துச் சொல்வார் யாருமில்லை. பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே என்று மகிழ்ந்த குடும்பத்தார் அத்தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டனர். ஐந்து வாரம் கழித்து, வேறொரு காரியமாகப் பள்ளிக்கு வந்தவர்கள் அதை நம்மிடம் காட்டினர். நோய்க்கிருமி உண்டு என்பதே அச்சொல்லின் பொருள். அதன்பின் அவர் ஆறு திங்கள் முறையாக மருந்துண்டு காசநோயிலிருந்து நலம் பெற்றார். ஆனால் அந்த ஐந்து வாரமும் அவருடைய சிறு குழந்தைகள் அதே அறையில்தான் உறங்கினார்கள். ஒரு சொல் தெரியாமையின் விலை இது.

மருத்துவச் சொற்கள் பார்ப்பதற்கு மலைபோல் தோன்றும். கிட்டச் சென்று பார்த்தால் அவை உழைக்கும் மக்களின் வீட்டுப் பொருள்களே. காறை எலும்பை மேனாட்டார் கிளாவிக்கிள் என்பர். இலத்தீனில் அது சிறு திறவுகோல். கழுத்தில் அணியும் காறையை வைத்துத் தமிழன் பெயரிட்டான். கீழ்க்காலின் பெரிய எலும்பு டிபியா; அது புல்லாங்குழல். அதன் அருகிலுள்ள மெல்லிய எலும்பு ஃபிபுலா. அது ஆடையைப் பிணைக்கும் ஊசி. முழங்காற் சில்லு பட்டெல்லா. அது சிறு தட்டு. நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகளின் பெயர்களோ சுத்தி, பட்டடை, அங்கவடி. முதலிரண்டும் கொல்லன் பட்டறைக்கு உரியவை. மூன்றாவது குதிரை ஏறுவோன் கால் வைக்கும் வளையம்.

அந்த மூன்று எலும்புகளுக்கும் முன்னே ஒரு மெல்லிய சவ்வு உண்டு. கிரேக்கச் சொல்லின் வழியாக மேனாட்டார் அதனை முரசு என்றனர். தமிழில் அதன் பெயர் செவிப்பறை. தோழர்களே, பறை என்னும் சொல்லைச் சொல்லி நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். நிறுத்தியவர் செவிக்குள்ளும் ஒரு பறை இருந்தது. அது அதிர்ந்ததனால்தான் அவருக்கு மந்திரமும் கேட்டது, இசையும் கேட்டது.

இனி, இடத்தைக் குறிக்கும் சொற்களைப் பார்ப்போம். உடம்பின் நடுப்பகுதிக்கு அருகிலிருப்பது பிராக்சிமல், தொலைவிலிருப்பது டிஸ்டல். இலக்கண வகுப்பில் அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று நாம் படித்தவையே இவை. ‘இவன்’ என்பதும் ‘அவன்’ என்பதும் புரிந்த பிள்ளைக்கு இவ்விரண்டும் புரியாமற் போகா. மேலே இருப்பது சுப்பீரியர். கீழே இருப்பது இன்ஃபீரியர். மேற்பெருஞ்சிரை தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் குருதியை இதயத்துக்குக் கொணர்கிறது. கீழ்ப்பெருஞ்சிரை கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் கொணர்கிறது. இவற்றுள் எது நின்றாலும் உயிர் நில்லாது. உடற்கூற்றியலில் மேல், கீழ் என்பவை இருக்கும் இடத்தை மட்டுமே சொல்லும், பிறப்பைச் சொல்லா.

சொல்லைப் பிரித்தறியும் வழியும் நாம் அறிந்ததே. பகுதி, விகுதி என்று நன்னூல் வழியில் பிரிப்பதுபோல் இவற்றையும் பிரிக்கலாம். ‘ஐட்டிஸ்’ என்னும் விகுதி அழற்சியைக் குறிக்கும். ஆர்த்ரோ என்றால் மூட்டு, ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி. நெஃப்ரோ என்றால் சிறுநீரகம். நெஃப்ரைட்டிஸ் சிறுநீரக அழற்சி. ஹெபட்டோ என்றால் கல்லீரல். ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி. ஒரு விகுதியைக் கற்றவனுக்கு நூறு சொற்கள் திறந்துவிடும்.

ஊடுகதிரின் வரலாறும் இத்தகையதே. செருமனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8ஆம் நாள் பேராசிரியர் ராண்ட்ஜென் அக்கதிரைக் கண்டார். அது இன்னதென்று விளங்காமையால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எக்ஸ் என்னும் எழுத்தையே பெயராக இட்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அவருக்கே 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு கிடைத்தது. எனவே, தெரியாது என்று சொல்ல மாணவன் நாணவேண்டியதில்லை.

மென்மையான தசையையும் காற்று நிறைந்த நுரையீரலையும் அக்கதிர் எளிதில் ஊடுருவும். சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு அதைத் தடுக்கும். ஆதலால் படத்தில் நுரையீரல் கறுப்பாகவும் எலும்பு வெண்மையாகவும் தெரிகின்றன. மார்புப் படத்தைப் பெரும்பாலும் ‘பின்முன்’ முறையில் எடுப்பர். கதிர் முதுகில் நுழைந்து மார்பின் வழியே வெளிவரும். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால் அப்போது அது படத்தகட்டுக்கு அருகில் அமையும். அதன் நிழல் வீணே பெரிதாகாது. படத்தில் இடம், வலம் என்று குறிப்பது நோயாளியின் இடவலமே அன்றிப் பார்ப்பவருடையது அன்று. இந்த ஒரு குறி தவறினால் அறுவை மருத்துவரின் கத்தி நல்ல உறுப்பின் மேல் விழக்கூடும்.

மருத்துவம் தமிழில் இயலாது என்பாருக்கு வரலாறு விடை கூறும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலையும் வெளியிட்டார். இங்கே இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக இருந்துகொண்டே 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். மருந்தும் எழுத்தும் அப்பெருமகனார் கையில் ஒன்றாக இருந்தன. அடையாற்றில் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்காக 1894இல் பள்ளி திறந்ததற்கும் பண்டிதரின் முயற்சி துணைநின்றது.

இன்னொரு செய்தியையும் நினைவிற் கொள்க. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர் மனித உடலை அறுத்துக் கற்பித்தது பெரும் புரட்சியாகப் பேசப்பட்டது. பிணத்தைத் தொடுதல் தீட்டு என்னும் தடையை அவர் உடைத்தார் என்பது காரணம். ஆனால் பிணத்தைச் சுமந்தவர்களும் குழி தோண்டியவர்களும் தலைமுறை தலைமுறையாக நம்மவர்களே. நாம் தொட்டபோது அது தீட்டாயிற்று; பட்டம் பெற்றவர் தொட்டபோது அது கல்வியாயிற்று. அந்தக் கல்வியின் வாயிலில் நம் பிள்ளைகள் இனியும் தயங்கி நிற்கலாகாது.

வாயில் தொலைவில் இல்லை. அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் 1934 முதல் பர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் இயங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் கதிரே மருந்தாகிறது. மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்களைப் படித்தவர்களுக்குக் கதிரியக்கத் தொழில்நுட்பத்தில் பட்டப் படிப்பும் பட்டயப் படிப்பும் உள்ளன. பட்டியல் இனத்தவர்க்கு 18 விழுக்காடு இடங்களும், அவற்றுள் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அருந்ததியர்க்கு 3 விழுக்காடும் உண்டு. இடம் இருந்தும், பெயர்களைக் கண்டு அஞ்சி அறிவியல் பிரிவையே விட்டு விலகும் பிள்ளைகளை ஆண்டுதோறும் சேர்க்கையின்போது பார்க்கிறோம். நமது மனத்தை மிகவும் வருத்துவது அதுவே.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஞாயிறுதோறும் மாலை வகுப்பில் பத்து மருத்துவச் சொற்களைப் பொருளோடு பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். மருத்துவமனைத் தாள் எதுவாயினும் அதைப் படித்துச் சொல்லப் படித்த இளைஞர் ஒருவரைச் சங்க அறையில் அமர்த்துங்கள். ஐந்து வாரம் எந்தத் தாளும் சாமி படத்துக்குப் பின்னால் கிடத்தல் ஆகாது.

நம் தந்தையர் பலர் நோயாளியைத் தள்ளுவண்டியில் வைத்து ஊடுகதிர் அறையின் கதவு வரை கொண்டுபோய்விட்டு வெளியே நின்றார்கள். அவர்களின் பிள்ளைகள் ஈய மேலங்கி அணிந்து அக்கதவுக்கு உள்ளே நிற்கட்டும்.