பன்னவேலையும் தோழமையும்
(எமது சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டுவிழா மேடைகளிற் சமயம், கல்வி, ஒழுக்கம் என்னும் பொருள்களைப் பற்றிப் பேசுவதே வழமை. நாமோ கடகத்தையும் நீத்துப்பெட்டியையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதைக் கேட்டதும் முன்வரிசையிற் சிலர் புன்னகை செய்கிறார்கள். அந்தப் புன்னகையைப் பற்றியே முதலிற் சொல்லவேண்டியிருக்கிறது.

ஓலைவேலை என்றால் ஏழைகள் வேலை, படிப்பு ஏறாதவர் வேலை, இன்னார்க்கு உரிய வேலை என்று ஓர் எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. பத்திரிகையிற் பெயர் வரத்தக்க உத்தியோகம் ஒன்றும், வீட்டிற் பேசத்தகாத கைத்தொழில் ஒன்றும் என இரண்டு தட்டாக வேலையைப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் நம் முன்னோர் நூலெழுதியதும் அதே பனையோலையில் அல்லவா? சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்து, 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சிற் கொண்டுவந்தார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். அந்த ஏட்டையும் ஒருவர் வெட்டி, உலர்த்தி, வாரி, பதப்படுத்தித்தான் கொடுத்திருப்பார். எழுதிய கையை வணங்குகிற நாம், வாரிய கையைக் கூசுவதற்கு நியாயம் காணோம்.

பனையின் பயன்களை 801 எனக் கணக்கிட்ட பழைய தமிழ்ப் பாடலொன்றை, 1850 ஆம் ஆண்டிலே வில்லியம் பேர்குசன் என்னும் ஐரோப்பியர் பனையைப் பற்றிக் கொழும்பில் வெளியிட்ட தமது ஆங்கில நூலிற் குறிப்பிட்டிருக்கிறார். நம் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அவர்களும் (1878–1953) தாலவிலாசம் என்ற பெயரிற் பனையைப் பாடினார்கள். நாம் இன்று அத்தனை பயனையும் பேசப்போவதில்லை. பின்னலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரு தலைமுறைக்கு முந்திய யாழ்ப்பாணத்து வீடொன்றை மனத்திற் கொண்டுவாருங்கள். பிள்ளையைக் கிடத்தத் தடுக்கு, படுக்கப் பாய், நெல்லுக் காயவிடக் களப்பாய், புடைக்கச் சுளகு, பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி, சந்தைக்குப் போக உமல், எரு அள்ளவும் கிழங்கு சுமக்கவும் கடகம், அரிசி, மா, ஊறவைத்த உழுந்து ஒவ்வொன்றுக்கும் அளவளவான பெட்டி, பானை உருளாமல் இருத்தத் திருகணி, பனங்கட்டி ஊற்றக் குட்டான், கிழவியின் மடியில் வெற்றிலையும் சில்லறையும் வைக்கும் கொட்டைப்பெட்டி. இவற்றுள் எதற்கும் கடைக்குப் போனதில்லை. வளவுக்குள் நின்ற மரமும் வீட்டிலிருந்த கையும் போதுமாயிருந்தன.

இவை எல்லாம் ஒரே பின்னல் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கேதான் வித்தை இருக்கிறது. பெட்டிக்கு அடி சதுரம், வாய் வட்டம். சதுரமாகப் படுக்கையிற் கிடக்கும் பின்னல் நான்கு மூலையிலும் எழும்பி நின்று வட்டமாகிற இடத்திலேதான் புதிதாகப் பழகுபவருக்குக் கை தடுமாறும். நீத்துப்பெட்டி அடியிற் கூராக இருந்து வாயை நோக்கி விரிவது. பின்னல் நெருங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆவி ஏறவும் வேண்டும். கடகம் பாரம் தாங்கவேண்டியது. ஆகவே அதன் விளிம்பைப் பனை நாரினாற் பொத்துவார்கள். பொத்தல் சரியில்லாத கடகம் இரண்டாம் தூக்கிலேயே வாய் பிளந்துவிடும். ஓலையும் ஒன்றல்ல. மென்மையான வேலைக்குக் குருத்தோலை, பாய்க்கும் பெட்டிக்கும் சார்வோலை. வெய்யிலிற் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலமாக வாரி, நீர் தெளித்துப் பதமாக்கிய பின்பே இழைக்க இருப்பார்கள். வார்ந்த ஓலையின் அகலம் ஒரு நெல்லளவு பிசகினாலும் பின்னல் கோணிவிடும் என்பதை, இழைத்துப் பார்த்தவர் அறிவார்.

குருத்தோலையைப் பற்றி ஒரு வார்த்தை. பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. ஆசை மிகுந்து அடுத்தடுத்துக் குருத்தை இழுத்தால் மரம் நலியும். எந்த மரத்தில் எப்போது எடுக்கலாம் என்பதும் இந்தக் கல்வியிற் சேர்ந்ததே. அதைச் சொல்லித்தரக்கூடியவர் மரமேறும் தொழிலாளர். அவர்களையும் ஆசிரியராக வைத்து மரியாதை செய்யாமற் பன்னவேலையைக் காப்பாற்றுவோம் என்பது வெறும் பேச்சு.

இந்த வேலையைப் பெரும்பாலானோர் பள்ளிக்கூடத்திற் படித்ததில்லை. மத்தியானச் சமையல் முடிந்து, பின்னேர வெய்யில் சாயும் வேளையில் நாலைந்து பெண்கள் ஒரு வீட்டு விறாந்தையிற் கூடுவார்கள். ஒருவர் ஓலை வார, ஒருவர் அடி தொடங்க, மூலை திருப்பத் தெரிந்தவர் எல்லாருக்கும் மூலை திருப்பிக் கொடுப்பார். ஊர்ப் புதினமும் நடக்கும், புராணக் கதையும் நடக்கும், சண்டையும் நடக்கும். சிறு பெண் பிள்ளைகள் கழித்த ஓலைத்துண்டை எடுத்துக் கிலுகிலுப்பை செய்யப் பழகுவார்கள். அந்தக் கிலுகிலுப்பைதான் அரிவரிப் பாடம். இதைச் சங்கம் என்றோ வகுப்பு என்றோ அவர்கள் அழைக்கவில்லை. ஆனாற் சங்கத்துக்கு உரிய எல்லாம் அங்கே இருந்தன, தீர்மானப் புத்தகம் ஒன்றைத் தவிர.

இது எப்படிக் குலைந்தது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அலுமினியம் வந்தது, பிளாஸ்ரிக் வந்தது. பின்னர் யுத்தம் வந்தது. பங்கர் போடவென்று இலட்சக்கணக்கான பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணைக்குத் தலையிழந்து நின்றவை வேறு. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமம் ஒரே இரவிற் பெயர்ந்தபோது, விறாந்தையிற் கூடியிருந்த நாலைந்து பேரும் நாலு திசைக்குப் போனார்கள். ஒருவர் வன்னியில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில். மரத்தைத் திரும்ப நடலாம். மில்க்வைற் சவர்க்காரத் தொழிலதிபர் க. கனகராசா அவர்கள் பனங்கொட்டை நாட்டும் பணியைத் தமது சொந்த வேலையாகவே எடுத்து நடத்திய முன்மாதிரி நமக்கு உண்டு. கொட்டையை நட்டுவிட்டால் வடலி தானாக வளரும். கைவித்தை அப்படித் தானாக முளைப்பதில்லை.

அரசாங்க முயற்சி இல்லையென்று சொல்லமாட்டோம். பனை அபிவிருத்திச் சபை 1978 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கைதடியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கற்பகம் விற்பனை நிலையங்களில் அழகான பொருள்கள் அடுக்கியிருக்கின்றன. 2017 ஆம் ஆண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி முதல் பொலித்தீன் சாப்பாட்டுத் தாளையும் சிலவகைப் பைகளையும் அரசு தடைசெய்தபோது, இனி உமலுக்கும் பெட்டிக்கும் காலம் பிறந்தது என்று பலரும் மகிழ்ந்தோம். காலம் பிறந்தது உண்மை. இழைக்கக் கை எங்கே? நம்முடைய ஊரிற் கடகம் பொத்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணினோம். ஒரு கை விரலே போதுமாயிருந்தது. அவர்களுள் எழுபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர் எவருமில்லை.

இனிச் சற்று வெளியே பார்ப்போம். மேல்நாடுகளிற் கம்பளிநூல் பின்னுவோர் கூட்டமாக இருந்து பின்னுவது பழைய வழக்கம். நம்மவர்களிலும், குளிர்நாடு சென்ற பெண்கள் சிலர் அயல்வீட்டாரிடம் அதைப் பழகி, பேரப்பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் பின்னி அனுப்புகிறார்கள். (இங்குள்ள வெக்கைக்கு அந்தத் தொப்பி எதற்கு என்று கேட்கக் கூடாது, அன்பு வெப்பநிலை பார்ப்பதில்லை.) அந்தக் கலைக்கு ஒரு வசதி உண்டு. இத்தனை கண்ணி நேராக, இத்தனை கண்ணி மறுபுறமாக என்று வரிவரியாகக் கடதாசியில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவர் கண்டுபிடித்த கோலத்தை, அவரைக் காணாத ஒருவர் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அப்படியே பின்னிவிடலாம். நமது பன்னவேலைக்கு அத்தகைய எழுத்து நம் ஊரில் எவரிடமும் இல்லை. பக்கத்தில் இருந்து, விரலைப் பார்த்து, பிழை விட்டு, திட்டு வாங்கிப் பழகினாலொழிய அது வருவதில்லை. ஒரு பாட்டி கண்மூடினால் ஒரு புத்தகம் எரிந்தது போலத்தான். படியெடுக்காத புத்தகம்.

இதை எண்ணித்தான் நாம் ஐந்தாறு நண்பர்கள், ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு முடிந்த பின்பும் பூரணை விடுமுறைகளிலும், வாசிகசாலைப் பின்விறாந்தையிற் கூடத் தொடங்கினோம். சட்டதிட்டம் அதிகம் இல்லை. வருகிறவர் கையில் ஏதாவது ஒரு குறைவேலை இருக்க வேண்டும். முடிந்த பொருளைக் காட்டிப் புகழ் வாங்க வேண்டாம், முடியாததைக் காட்டி வழி கேளுங்கள் என்பதே ஏற்பாடு. இதிற் பெரிய நன்மை ஒன்றைக் கண்டோம். அழகாக முடிந்த பெட்டியைப் பார்த்தாற் புதியவர் பயந்து ஒதுங்குகிறார். கோணிப்போன அடியைப் பார்த்தால், "இவ்வளவுதான் என்றால் எனக்கும் வரும்" என்று பக்கத்தில் வந்து இருக்கிறார். ஆச்சிமார் இருவர் வந்து மூலை திருப்பக் காட்டித் தந்தார்கள். அவர்களுள் ஒருவர் முதலில் வர மறுத்தார். "நீங்கள் படிச்ச பிள்ளையள், இதுக்கு ஏன் மினக்கெடுறியள்?" என்றார். மூன்றாம் வாரம் அவரே, "உந்த மூலையை ஆர் திருப்பினது? அவிழ்" என்று அதட்டத் தொடங்கிவிட்டார். அந்த அதட்டலைக் கேட்ட பின்புதான் இது நிலைக்கும் என்று நமக்குத் துணிவு வந்தது.

கற்றது ஒருவழியாகவும் போகவில்லை. சாயத்தைக் கொதிநீரிற் கரைத்து ஓலையை அவித்து நிறமேற்றும் முறையைப் பயிற்சி நிலையமொன்றிற் படித்த தங்கை ஒருத்தி, ஆச்சிமாருக்கே அதைக் காட்டினாள். அவர்கள் நிறத்தை விரும்பினார்கள். ஆனால் நீத்துப்பெட்டிக்கும் உணவு படும் எதற்கும் சாய ஓலை ஆகாது என்று உடனே வரம்பு கட்டினார்கள். நல்ல வரம்பு. வேறொரு தம்பி, சதுரக்கோட்டுக் கொப்பியில் மேற்போகும் ஓலைக்குக் கட்டத்தைக் கறுப்பாக்கியும், கீழ்ப்போவதற்கு வெறுமையாக விட்டும் பாய்க் கோலங்களை எழுதிப் பார்க்கிறான். மூலை திருப்புவதை அந்தக் கட்டத்துக்குள் அடக்க இன்னும் முடியவில்லை. அதற்குக் கைத்தொலைபேசியில் ஆச்சியின் விரலைப் படம் பிடித்து வைத்திருக்கிறோம். முகத்தை எடுக்க வேண்டாம், விரலை மட்டும் எடு என்பது அவருடைய கட்டளை.

"ஆண்பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். கோயிற் கொடியேற்றத்துக்கு முதல்நாள் இரவு, தென்னங்குருத்தைக் கிழித்துக் குருவியும் பூவுமாக மடித்துத் தோரணம் கட்டுகிறவர்கள் யார்? இந்தச் சங்கத்து இளைஞர்கள்தாமே! திருக்கார்த்திகைக்குச் சொக்கப்பானை கட்டுகிறவர்களும் அவர்களே. கோயில் வாசலிற் கௌரவமான ஓலை, வீட்டு விறாந்தைக்கு வந்ததும் பெண்பிள்ளை வேலையாகிவிடுமா? தோரணம் கட்டிப் பழகிய விரலுக்குப் பெட்டியின் அடி பாதி தெரிந்த பாடம் என்பதை நம் கூட்டத்திற் கண்ணாற் கண்டோம்.

விலைப் பேச்சு கடினமானது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஒரு நல்ல கடகத்துக்குச் செலவாகும் நாட்களைக் கூலியாகக் கணக்கிட்டால், சந்தையில் அந்த விலைக்கு வாங்குவார் இல்லை. பொருளை இழைத்தவளுக்கும் அதை வெளியூரில் விற்றவருக்கும் கிடைக்கும் பங்கைப் பார்த்தால் மனம் கசக்கும். இழைக்கிறவர்கள் தனித்தனியே நிற்கும்வரை விலையை மற்றவரே சொல்லுவார். ஆகவே தோழமை என்று நாம் சொல்வது பொழுதுபோக்குக்காக மாத்திரம் அன்று. எவருடைய பெட்டிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒருவருக்கொருவர் ஒளியாமற் சொல்லும் பழக்கமும் அந்த விறாந்தையிலேதான் உண்டாகும். உண்டாகியிருக்கிறது.

தமிழ்நாட்டுச் செட்டிநாட்டிற் கொட்டான் என்னும் ஓலைக் கூடைக்கு நேர்ந்ததும் நமக்கு நேர்ந்ததே. வயது முதிர்ந்த ஆச்சிமார் சிலரே அறிந்திருந்த அந்த வேலையை, விசாலாட்சி இராமசாமி என்னும் அம்மையார் முன்னின்று கிராமத்துப் பெண்களுக்குப் பழக்குவித்தார். இன்று செட்டிநாடு கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற பொருளாகியிருக்கிறது. கலியாண வீடுகளில் வெற்றிலைபாக்குப் பையாகப் பொலித்தீனைக் கொடுக்காமற் கொட்டானைக் கொடுக்கிறார்கள். நம் ஊர்க் கலியாணங்களிலும் அப்படி ஒரு குட்டிப் பெட்டி கொடுத்தால் என்ன? அடுத்த ஆனியில் விவாகம் வைத்திருக்கும் உறுப்பினர் இருவர் இச்சபையில் இருக்கிறார்கள். பெயர் சொல்லாமலே அவர்களைப் பார்த்துக் கேட்கிறோம்.

வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்றரை மணிக்கு வாசிகசாலைப் பின்விறாந்தையிற் சார்வோலை வார்ந்து நீர் தெளித்து வைத்திருப்போம். சத்தகம் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். இல்லாதவர்களுக்கு இரண்டு இருக்கிறது, முறைவைத்துப் பாவிக்கலாம். பெரியவர்கள் வீட்டுப் பரணிற் பழைய கடகமோ பெட்டியோ கிடந்தால், கறையான் அரித்ததாயினும் எறியாமற் கொடுத்தனுப்புங்கள். விளிம்பைப் பிரித்துப் பார்த்துப் பொத்தல் முறையைப் படிக்கவேண்டியிருக்கிறது. ஆச்சி மூன்று மணிக்கே வந்துவிடுவார். அவருக்குப் பிந்தி வருகிறவர்களைப் பிடிக்காது.