ஆய்வுகூடக் கதவை நம் பிள்ளைகளுக்கும் திறப்போம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் கடைசியாக ஏறியது ஒரு பரிசளிப்பு விழாவில். இன்று மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றியும், அங்கே நம் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

நான் எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம் வரை வகுப்பில் ஒரு கேள்வியாவது கேட்டதில்லை. அந்த வருட விடுமுறையில் பேராசிரியை ஒருவர் என்னையும் இன்னொரு மாணவியையும் அழைத்து, கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் பதிவுகளிலிருந்து ஈமோகுளோபின் அளவுகளைப் பட்டியலிடச் சொன்னார். ஆறு வாரம் வேலை. தோட்டத்துத் தாய்மார் பலருக்கு, மாத்திரை கொடுத்தும் குருதிச்சோகை குறையவில்லை. மாத்திரையை அவர்கள் விழுங்குவதில்லை என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள்.

எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் அவர் எந்த மாத்திரையையும் பிளேன்டீயோடுதான் விழுங்குவார். தேயிலையிலுள்ள தனின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். பேராசிரியை பேனாவை வைத்துவிட்டு, "இதை நீங்களே தாய்மாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். என் சிறிய ஆய்வு உலகத்தை மாற்றவில்லை. ஆனால் அந்தக் கிளினிக்கில், "மாத்திரையைத் தண்ணீரோடு குடியுங்கள், தேநீர் ஒரு மணித்தியாலம் கழித்து" என்ற ஒரு வசனம் தமிழில் சேர்ந்தது. கேள்வி கேட்கும் உரிமை எனக்கும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வெளிநாடுகளில் இத்தகைய வாய்ப்பைத் திட்டமிட்டே ஏற்படுத்துகிறார்கள். அமெரிக்க இரசாயனவியல் சங்கம் 1968 இல் தொடங்கிய 'புரொஜெக்ட் சீட்', வசதி குறைந்த குடும்பத்து மாணவரைக் கோடை விடுமுறையில் உண்மையான ஆய்வுகூடத்தில், ஒரு வழிகாட்டியின் கீழ், உதவித்தொகையோடு வேலை செய்ய வைக்கிறது. வட கரோலினாவின் சிறு நகரொன்றில் வளர்ந்த கறுப்பினச் சிறுமி கிஸ்மேக்கியா கோர்பெட் பாடசாலைக் காலத்தில் அப்படித்தான் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தார். பின்னர் மேரிலாந்தில், விஞ்ஞானத்தில் குறைவாகவே இடம்பெற்ற இனத்தவருக்காக 1988 இல் உருவான மேயர்ஹோஃப் புலமைப்பரிசில் திட்டத்தில் படித்தார். 2020 இல் மொடேர்னா கொரோனாத் தடுப்பூசியை உருவாக்கிய விஞ்ஞானிகளில் அவர் முக்கியமானவர். அந்த ஊசி 2021 இல் நம் நாட்டுக்கும் வந்தது.

அயல்நாடான இந்தியாவிலும், மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் மருத்துவ மாணவருக்கு இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது.

நம் நாட்டில் மருத்துவ பீட அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு நீண்டகாலமாக இருக்கிறது. 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது அதன் கணக்கு. அது வாசலைத் திறக்கிறது. உள்ளே போன பிள்ளைக்குக் கைபிடித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். வீட்டில் பட்டதாரி இல்லாத பிள்ளைக்கு அந்த ஆள் தானாகக் கிடைப்பதில்லை.

இதில் இழப்பு அந்தப் பிள்ளைக்கு மட்டுமா? 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட சிறாரில் உயரக் குறைபாடு உள்ளோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். ஏன் என்று கேட்பவர்களில் அந்த லயங்களின் அடுப்படியை அறிந்தவர்களும் இருக்க வேண்டாமா?

நமக்குக் கோடை விடுமுறை இல்லை. ஆனால் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் பல மாதங்கள் வீணாகின்றன. அந்தக் காலத்தில்தான் நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். சிலர் திரும்பிப் படிக்க வருவதேயில்லை.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதிய மூன்று பிள்ளைகளை வருடந்தோறும் தெரிவுசெய்வோம். ஆறு வாரம், ஒரு பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி. பழைய மாணவியரில் வைத்தியர் மட்டுமா இருக்கிறோம்? தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருந்தாளர் எல்லோரும் இருக்கிறோம். நோயாளரின் பெயர் வெளிவராமல், உரிய அனுமதியோடு, சிறிய கேள்வி ஒன்றை எடுத்து விடை தேடட்டும். பஸ் காசையும் பகல் உணவையும் கட்டாயம் நாம் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ரத்தோட்டை, உக்குவளைத் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளையும் வர முடியாது. இறுதியில் இதே மண்டபத்தில், தம் பெற்றோர் முன்னால், கண்டதைத் தமிழில் சொல்லட்டும். முதல் வருடச் செலவில் ஒரு பிள்ளைக்கானதை நான் ஏற்கிறேன். அவருக்கு வழிகாட்டியாகவும் இருப்பேன்.

தங்கைமாரே, உங்கள் வீட்டில், உங்கள் தோட்டத்தில், உங்கள் அம்மாவிடம் நீங்கள் பார்த்த ஏதோவொன்று எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம். வெட்கப்படாமல் அதைச் சொல்லுங்கள். கேட்க நாங்கள் இருக்கிறோம்.