இரண்டாம் வாரத்துக்கு முன்



ஸ்க்ரப் டைபஸ் பற்றிப் பேச மருத்துவர்களும் ஆய்வு மாணவர்களும் இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு மாசி வரை நம் வார்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கும் காய்ச்சல் இது. டெங்குவுக்கு உள்ள பெயர் இதற்கு இல்லை. டெங்குவுக்கு இல்லாத மருந்து இதற்கு உண்டு. அப்படியும் இதில் உயிர்கள் போகின்றன. அது ஏன் என்பதே இந்த அவையின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் நாம் பார்க்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. அதற்கு உறவான சிற்றுண்ணி ஒன்றின், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்பருவமே பரப்புகிறது. அந்தப் பருவத்தில் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் ஒரே முறைதான், அது எலியையோ மனிதரையோ கடிக்கும். வளர்ந்தபின் மண்ணிலேயே வாழ்ந்து முடியும். ஒரே முறை கடிப்பதற்குள் கிருமி அதற்கு எப்படி வந்தது? தாயிடமிருந்து, முட்டை வழியாக. ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற இந்த பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவது சிற்றுண்ணியே. எலி அதற்குச் சோறு போடுகிறது. வரப்பில் உட்கார்ந்தவர், விறகு பொறுக்கியவர், கொல்லைப் புதரை வெட்டியவர் எல்லோரும் அதன் வழியில் குறுக்கிடுகிறார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை.

கடித்தது தெரியாது. சுமார் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்குள் கிருமி பெருகுகிறது; குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. முதல் வாரத்தில் சாதாரணக் காய்ச்சலாகத் தெரிவது, இரண்டாம் வாரத்தில் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று பரவினால் வென்டிலேட்டரில் போய் நிற்கும்.

கடித்த இடத்தில் சிலருக்கு ஓர் அடையாளம் விழும். எஸ்கார் என்கிறோம். சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிமடிப்பு, விதைப்பையின் பின்புறம் போன்ற இடங்களில் ஒளிந்திருக்கும். ஈரமான மடிப்பில் பொருக்கு உதிர்ந்து சிறு புண்ணாக மட்டும் இருப்பதால் கண்ணில் பட்டும் தப்பிவிடும். காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில், மறைப்பு இல்லாத அறையில், ஆண் மருத்துவர் முன் எந்தப் பெண் சேலையை விலக்குவார்? ஒரு திரையும் உடன் நிற்க ஒரு செவிலியரும் இருந்தால் கண்டுபிடிக்கக்கூடிய நோயை, விலையுயர்ந்த கருவிகளால் தேடிக்கொண்டிருக்கிறோம். எஸ்கார் எல்லோருக்கும் இருப்பதில்லை என்பது உண்மை. இல்லை என்று சொல்லும் உரிமை, தேடியவருக்கே உண்டு.

இரத்தச் சோதனைகளில் ஐஜிஎம் எலிசா முதல் சில நாள்களில் ஏமாற்றும். 1916-இல் பிறந்த வெயில்-பெலிக்ஸ் சோதனையை இன்றும் நம்பியிருக்கும் ஆய்வகங்களும் உண்டு. முடிவு வரட்டும் என்று செஃப்ட்ரியாக்சோன் ஊசியைத் தொடர்ந்தால் இந்தக் கிருமியிடம் பலிக்காது. சில ரூபாய் விலையுள்ள டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின்: முதல் வாரத்தில் பெரும்பாலோருக்கு இது போதும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து சிரை வழியாகக் கொடுப்பது, தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேலானது என்று 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு காட்டியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய இந்திய ஆய்வு அது, நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தச் சிகிச்சை தேவைப்படும் நிலைக்கு ஒருவர் வந்து சேர்ந்ததில் நம் தாமதமும் உண்டு.

கிருமியின் மரபணு வகைகள் பற்றி நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. கேட்க ஆவலாக இருக்கிறேன். கூடவே ஒரு வேண்டுகோள். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு வருபவரைத் தலை முதல் கால் வரை பார்ப்பதையும், சந்தேகம் வலுத்தால் சோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்குவதையும், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான ஒரே பக்க வழிகாட்டியாக எழுதி முடித்த பிறகே இந்தக் கருத்தரங்கு கலைய வேண்டும்.