சிறு காயமும் நஷ்டஈடும்

"சிறு காயந்தானே, போகட்டும்" என்னும் சொல்லை நம் தெருக்களில் அடிக்கடி கேட்கிறோம். மோட்டார் கார் ஒன்று வழிப்போக்கர் ஒருவரை இடித்துத் தள்ளிவிடுகிறது. விழுந்தவர் எழுந்து நிற்கிறார். உடனே ஒரு கூட்டம் கூடுகிறது. கூடியவர்கள் இரு கட்சியாகப் பிரிவார்கள். "உயிருக்கு ஒன்றும் இல்லை, ஏதோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ" என்பது ஒரு கட்சி. "விடாதே, வழக்குப் போடு, இலட்சக்கணக்கில் வாங்கலாம்" என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் உரக்கவே பேசுவார்கள். ஆனால் விழுந்தவர் என்ன தொழில் செய்து பிழைக்கிறார் என்று வினவுவோர் அக்கூட்டத்தில் ஒருவரேனும் உண்டா என்பது ஐயமே.

2022 ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்றும், காயமுற்றோர் 4,43,366 பேர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இறந்தோரைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. காயமுற்ற நாலரை இலட்சம் பேர் என்ன ஆனார்கள்? அவர்களுள் எத்தனை பேர் முன்போல் வேலைக்குத் திரும்பினார்கள்? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவர்களைப் பற்றித்தான்.

நான் வாழும் ஆரணி, கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த பட்டு நெசவு ஊர். குழித்தறியை மாணவர்களாகிய உங்களிற் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். தரையிலே ஒரு குழி. அதன் விளிம்பில் நெசவாளர் அமர்ந்து, இரு கால்களையும் குழிக்குள் தொங்கவிட்டிருப்பார். உள்ளே மிதிகள் இருக்கும். ஒரு மிதியை அழுத்தினால் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும். அவ்வழியே நாடா ஓடும். அச்சு வந்து ஊடை இழையை நெருக்கும். உடனே அடுத்த மிதி. இவ்வாறு ஒரு புடவை முடிவதற்குள் கால்கள் எத்தனை ஆயிரம் முறை எழுந்து தாழ்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கவும் இயலாது. பட்டு நெசவைக் கைத்தொழில் என்கிறோம். என்னைக் கேட்டால் அதைக் கால்தொழில் என்றும் சொல்லலாம்.

சென்ற ஆண்டு, என்னிடம் படித்த நெசவாளர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். வயது நாற்பதுக்கு மேலிருக்கும். வலக்காலில் மாவுக்கட்டு, தோளைத் தாங்கியபடி அவருடைய மனைவியார். குறுகிய தெருவொன்றில் பின்னோக்கி வந்த கார் ஒன்று அவருடைய மிதிவண்டியை மெல்லத்தான் தட்டியது. மனிதரோ கால் மடங்க விழுந்துவிட்டார். ஓட்டி வந்தவர் நல்லவர். தம் காரிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கையில் 3,000 ரூபாயும் கொடுத்தார். மறுநாள் அவருடைய உறவினர் ஒருவர் வந்து, "இதில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் இரு தரப்புக்கும் தொல்லையில்லை" என்று ஒரு தாளை நீட்டினார். புகார் ஏதும் இல்லை, நஷ்டஈடு கோரமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது.

"ஐயா, அவரே என்னைத் தூக்கிச் சென்று காட்டினார். அப்படிப்பட்டவர் மீது வழக்குப் போடுவது நன்றாயிருக்குமா? கணுக்காலில் சிறிய எலும்பு ஒன்றுதான் விரிந்திருக்கிறதாம்" என்றார் அவர்.

"எத்தனை நாள் கட்டு, தம்பி?" என்று கேட்டேன்.

"ஆறு வாரம்."

"தறி?"

அதற்கு அவர் விடை சொல்லவில்லை. அவருடைய மனைவியார் சொன்னார்: "தறியில் பாவு ஏற்றியபடியே நிற்கிறது, ஐயா. தை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை. முன்பணமும் வாங்கிவிட்டோம். நான் தார் சுற்றிக் கொடுத்தாலும் நெய்வதற்கு ஆள் இல்லையே."

ஓர் அலுவலக எழுத்தருக்கு இதே எலும்பு இதே இடத்தில் விரிந்திருந்தால், அவர் மருத்துவ விடுப்பு எடுத்திருப்பார், சம்பளமும் வந்திருக்கும், சில வாரங்களில் நாற்காலியில் அமர்ந்து பணியைத் தொடங்கியிருப்பார். நெசவாளருக்கு விடுப்பு ஏது? நெய்த அளவுக்குத்தான் கூலி. கட்டுப் பிரித்த பின்னரும் அந்தக் கணுக்கால் மிதியை முன்போல் அழுத்துமா என்பதை விபத்து நடந்த மறுநாள் யாரால் சொல்ல முடியும்? மருத்துவராலும் முடியாது. அவ்வாறிருக்க, அன்றே கையெழுத்திட்டுக் கொடுப்பது விலை தெரியாத பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு விற்பதாகும். ஆகவே அத்தாளில் கையெழுத்திட வேண்டா என்று முதலில் சொன்னேன். வழக்குத் தொடுப்பதா வேண்டாவா என்பதைப் பிறகு எண்ணலாம் என்றேன்.

இவ்விடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம். "சிறு எலும்பு" என்று அவர் எளிதாகச் சொன்னார். ஆயின் எலும்பு முறிவோ எலும்பு இடம்பெயர்தலோ நேருமாயின், அது எத்துணைச் சிறிய எலும்பாயினும், சட்டத்தின் கண்ணுக்குக் கொடுங்காயமே. பழைய இந்திய தண்டனைச் சட்டம் அவ்வாறே வகுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116 ஆம் பிரிவும் அவ்வாறே வகுக்கிறது. எலும்பு முறியாவிட்டாலும், 15 நாட்களுக்குக் கடும் வலியில் கிடந்தாலோ, தம் வழக்கமான அலுவலைச் செய்ய இயலாமற் போனாலோ அதுவும் கொடுங்காயமே. பழைய சட்டத்தில் இக்கால அளவு 20 நாட்களாக இருந்தது. "தம் வழக்கமான அலுவல்" என்னும் தொடரை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். புண்ணின் நீள அகலத்தை மட்டும் அளந்து பார்த்துச் சட்டம் நின்றுவிடவில்லை. புண்பட்டவர் தம் வேலைக்குப் போக முடிகிறதா என்றும் கேட்கிறது.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019 இல் திருத்தப்பட்டது. நஷ்டஈடு பற்றிய புதிய விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் 164 ஆம் பிரிவின்படி, மோட்டார் விபத்தில் கொடுங்காயம் அடைந்தவருக்கு 2,50,000 ரூபாய் தரப்பட வேண்டும். இறந்தவரின் வாரிசுகளுக்கு 5,00,000 ரூபாய். ஓட்டியவர்மீது குற்றம் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. இத்தொகை போதாது என்று கருதுவோர் 166 ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கலாம். அதில் ஓட்டியவரின் கவனக்குறைவை நிலைநாட்ட வேண்டும், தம் பிழையும் இருந்தால் தொகை குறையும். காப்பீட்டு நிறுவனம் தரும் 164 ஆம் பிரிவுத் தொகையை ஏற்றுக்கொண்டால் மற்ற விண்ணப்பம் அற்றுப்போகும் என்பதை மறக்கலாகாது. இரண்டில் எது தமக்கு ஏற்றது என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டே தெளிய வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அந்த 3,000 ரூபாய்க்கும் சட்டம் வகுத்த தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இனி, "நல்லவர் மீது வழக்கா?" என்னும் கேள்விக்கு வருவோம். இது மனச்சான்றிலிருந்து எழும் கேள்வி. எள்ளி நகையாடத் தக்கதன்று. திருவாரூரில் இளவரசன் தேர்க்காலில் கன்று மடிந்தபோது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது என்றும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்றும் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே முறையிடுதல் என்றாலே எதிரியைத் தண்டிப்பது என்று நம் உள்ளத்தில் பதிந்திருக்கிறது. மோட்டார் நஷ்டஈடு அத்தகையதன்று. பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபருக்கான காப்பீடு கட்டாயமாகும். பிரிட்டனில் 1930 ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1946 இல் கட்டாயமாயிற்று. வண்டிக்காரர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வருவதே இத்தகைய நாளுக்காகத்தான். காப்பீடு செல்லுபடியாக இருந்தால், பணம் அவருடைய பையிலிருந்து போவதில்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறது. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காவல் நிலையத்தில் புகார் பதிவானால் ஓட்டியவர்மீது குற்ற வழக்கும் தொடரலாம். அவர் சில முறை நீதிமன்றப் படி ஏற நேரிடும். அது அவருக்குத் துன்பந்தான். அத்துன்பத்தையும் நின்றுபோன தறியையும் இரு தட்டுகளில் வைத்து நிறுத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேலும், விபத்தைக் காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமையை 134 ஆம் பிரிவு ஓட்டியவர் மீதே சுமத்தியிருக்கிறது.

காயத்தைத் தொழிலோடு சேர்த்தே அளக்க வேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் 2010 அக்டோபரில் ஒரு தீர்ப்பில் மிகத் தெளிவாக விளக்கியது. ஒருவர் இடக்கையை இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓட்டுநரோ தச்சரோ ஆனால் பிழைப்பு ஏறக்குறைய முழுவதும் போயிற்று. அரசு அலுவலகத்து எழுத்தரானால் வேலை நிலைக்கக்கூடும். உடல் ஊனம் ஒன்றே. சம்பாதிக்கும் ஆற்றலில் நேர்ந்த இழப்பு வேறு வேறு. இதற்கு மறுபக்கமும் அத்தீர்ப்பிலேயே உண்டு. அவ்வழக்கின் விண்ணப்பதாரர் 45 விழுக்காடு ஊனம் என்று சான்றிதழ் காட்டினார். நீதிமன்றமோ வருவாய் இழப்பை 20 விழுக்காடு என்றே மதிப்பிட்டது. சான்றிதழில் உள்ள எண் அப்படியே பணமாக மாறிவிடுவதில்லை. இயல்பான சிறு காயங்களுக்கு மருத்துவச் செலவு, சிகிச்சை நாட்களில் இழந்த வருவாய், பட்ட வேதனை ஆகியவையே கணக்கில் வரும்.

"இலட்சக்கணக்கில் வாங்கலாம்" என்று தூண்டிவிடும் கட்சியாருக்கும் ஒரு சொல். இங்கிலாந்தில் கார் மோதலில் கழுத்து சுளுக்கியது என்னும் கோரிக்கைகள் பெருகிப் பெருகி, இறுதியில் பாராளுமன்றம் 2018 இல் தனிச் சட்டமே இயற்றியது. 2021 மே 31 இல் நடைமுறைக்கு வந்த முதல் விலைப்பட்டியலில், மூன்று மாதத்துக்குள் நீங்கும் கழுத்து வலிக்கு 240 பவுன் மட்டுமே என்று அப்போது வகுத்திருந்தார்கள். உண்மையாகவே வலியால் வாடியவரும் அப்பட்டியலுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்தில் பொய்க் கோரிக்கைகளை ஆராய, அலகாபாத் உயர்நீதிமன்றம் 2015 இல் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க ஆணையிட நேர்ந்தது. முழங்காலில் தோல் சிராய்த்த மாணவன் மருந்திட்டுக்கொண்டு மறுநாள் பள்ளிக்குப் போவதே முறை. அவனை இல்லாத வலியைச் சொல்லுமாறு பழக்கும் பெரியோரை நான் கண்டிருக்கிறேன். நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் அதைவிட என்னை வருத்திய காட்சி அதிகமில்லை.

என் மாணவர் மனத்தைத் தேற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்றார். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் "கார் மோதியது" என்றே எழுதப்பட்டிருந்தது அவருக்குப் பெருந்துணையாயிற்று. "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லும்படி ஓட்டியவரின் உறவினர் அன்று வேண்டியிருந்தாராம். நல்லவேளையாக இவர் மருத்துவரிடம் உள்ளதையே சொல்லிவிட்டார். எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டுகள், சேலை ஒப்படைத்துக் கூலி பெற்ற பழைய கணக்குப் புத்தகம் ஆகிய எல்லாவற்றையும் அவர் மனைவியார் ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருக்கிறார். வருவாயை மெய்ப்பிக்கச் சம்பளச் சீட்டு இல்லாத தொழிலாளிக்கு அக்கணக்குப் புத்தகமே சாட்சி.

விண்ணப்பத்தை விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தாம் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி. இவ்விதி செல்லுமா என்னும் வழக்கு உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் விண்ணப்பங்களைத் தள்ளலாகாது என்று 2025 நவம்பரில் இடைக்கால ஆணையும் பிறந்தது. இடைக்கால ஆணையை நம்பி வாளா இருத்தல் தகாது என்று எண்ணி, அவர் நான்காம் மாதமே விண்ணப்பம் கொடுத்துவிட்டார். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் உடன்பட்டு முடித்துக்கொள்ளவும் வழியிருக்கிறது; அங்கு முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனி மாதம் முதல் தறியில் மீண்டும் அமர்கிறார். பிற்பகலில் கணுக்கால் வீங்குவதால் அரைநாள்தான் நெய்ய முடிகிறது. எந்த நாளில் எத்தனை முழம் நெய்தார் என்பதையும் அதே கணக்குப் புத்தகத்தில் குறித்து வருகிறார்.