ஒரே ஸஃப்பில் நிற்கட்டும் நம் பிள்ளைகள்

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும் மட்டுமா? மார்க்குக்கும் பேர் போன சீமை இது. சேலத்திலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் கடன் வாங்கியாவது விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். ஆனால் மார்க் வாங்க முடியாத பிள்ளை எங்கே? காது கேளாத பிள்ளை, மெல்லப் புரிந்துகொள்ளும் பிள்ளை எங்கே? என்றாவது கேட்டிருக்கிறீர்களா?

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரின் மகன். வாய்க்கணக்கில் புலி, புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் குழம்பும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர். அவனைப் புரிந்து நடத்தினார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். அவனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. "இவனால் ரிசல்ட் கெடும்" என்றது பள்ளிக்கூடம். "ஹஜ்ரத், படிப்பு ஏறவில்லை, மதரஸாவிலாவது போட்டுவிடட்டுமா?" என்று தகப்பனார் வந்தார். நானும் "சரி" என்றேன். அங்கும் அதே எழுத்துத்தானே? அங்கும் தடுமாறினான். பன்னிரண்டு வயதில் கல்லாப்பெட்டியருகே உட்கார்ந்துவிட்டான். அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு. பள்ளிக்கூடம் கழித்துவிட்டதைத்தான் மார்க்கக் கல்விக்குக் கொடுப்பதா சகோதரர்களே?

கண் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். அவர் தேடி வந்தபோது குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் முகம் சுளித்ததற்காக, அல்லாஹ் 'அபஸ' அத்தியாயத்தையே இறக்கிக் கண்டித்தான். பிறகு அந்தத் தோழர் முஅத்தினாக நியமிக்கப்பட்டார். விடிந்ததை அவர் எப்படி அறிவார்? "சுப்ஹு ஆகிவிட்டது" என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் பாங்கு சொல்வார். கவனியுங்கள்! அவருக்கென்று தனிப் பள்ளிவாசல் கட்டவில்லை. பார்வையில்லை என்று பொறுப்பைப் பறிக்கவும் இல்லை. குறைந்த இடத்தில் ஒரு சிறு உதவி, அவ்வளவுதான். ஒரே பள்ளி, ஒரே ஸஃப்!

இன்றைய சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. எழுதப் படிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாத பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு எல்லாம் சட்டத்திலேயே இருக்கின்றன. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் இத்தகைய மாணவர் 15 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. கேட்பவர் இல்லாவிட்டால் உரிமை ஏட்டிலேயே கிடக்கும்!

நம்மவர் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகிகளே! கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. அது நம் உரிமையைக் காக்கும் கேடயம். நம் பிள்ளைக்கே கதவைச் சாத்தும் தாழ்ப்பாள் அல்ல. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்ட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும்?

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் வீட்டோடு நிற்கும் பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அதில் நம் தாய்மாரும் உட்காரட்டும். தலைமையாசிரியரிடம் வாயால் கெஞ்சாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

வணிகர்களே! கடை எங்கும் போகாது. பிள்ளை முதலில் வகுப்பில் உட்காரட்டும். நாளை மறுமையில் மார்க்கைப் பற்றி அல்ல, அமானிதத்தைப் பற்றியே நாம் கேட்கப்படுவோம்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.