மோட்டார் காரின் சுவாசம்



ஒரு லீற்றர் பெற்றோல் எரிவதற்கு எவ்வளவு வளி வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய 9,000 லீற்றர்! நிறைப்படி கணக்கிட்டால், ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி. கலைப் பட்டதாரியாகிய எனக்கு இக்கணக்கு முதலில் வியப்பையே தந்தது.

இவ்வளியை இயந்திரத்துக்குக் கொண்டுசெல்லும் குழாயையும் வடிகட்டியையும் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் வேறொன்றைப் பூட்டும் விருப்பம் இளைஞரிடையே மிகுந்திருக்கிறது. என்னிடம் பயின்று இன்று உழைக்கும் பிள்ளைகள் சிலரும் இதுபற்றி வினவுவதுண்டு. "குதிரைவலு கூடுமா, சேர்?" என்பதே முதற் கேள்வி.

அது வளியை எங்கிருந்து எடுக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். காருடன் வந்த பெட்டி பெரும்பாலும் முன்புறத்திலிருந்து குளிர்ந்த வளியையே எடுக்கும். பொனட்டின் கீழ் மூடியின்றிப் பூட்டப்படும் கூம்பு வடிகட்டியோ இயந்திரத்தின் வெப்பத்தையே உறிஞ்சும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வளியின் அடர்த்தி நூற்றுக்கு 3 பங்களவு குறையும். கூடுவது ஓசை, அதனை வலுவென்று மயங்குவது எளிது. குளிர்ந்த வளி வேண்டிக் குழாயின் வாயைச் சில்லுக்கருகே தாழ்த்துவோரும் உளர். கொழும்பு வீதிகளில் மழைவெள்ளம் நிற்கும் நாளில் அவ்வாய் நீரைக் குடித்துவிடும். நீர் அமுங்காது, ஆதலால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும்.

இவற்றினும் பெரிது தூசி. வன்னியின் கிரவல் வீதியில் எழும் நுண்மணல் உட்புகுந்தால் சிலிண்டரின் சுவரை அராவிவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. வரியோ மிகக் கடுமை. வீட்டிலுள்ள பழைய காரையே பேணவேண்டிய குடும்பத்துக்கு இயந்திரம் தேய்வது சிறிய இழப்பன்று. எனவே வாங்குமுன், ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் முறைப்படி அவ்வடிகட்டி சோதிக்கப்பட்டதா, எவ்வளவு தூசியைத் தடுத்தது என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

கழுவி எண்ணெயிட்டு மீண்டும் பாவிக்கும் பருத்தி வடிகட்டிகளும் உள. சிக்கனமானவைதாம். ஆயின் எண்ணெய் மிகுந்தால், வளியை அளக்கும் நுண்ணிய உணரியில் அது படிந்து அளவு பிழைக்கும்; பெற்றோற் கலவையும் பிழைக்கும். உணரி பொருந்தும் இடத்தில் புதுக்குழாயின் விட்டம் மாறினாலும் இதே கதிதான்.

நாளாந்தம் பாடசாலைக்கும் சந்தைக்கும் ஓடும் காருக்கு, நல்ல கடதாசி வடிகட்டி ஒன்றை உரிய காலத்தில் மாற்றுவதே போதுமென்பது என் துணிபு. பெட்டியின் மூடி இறுக மூடுகிறதா, றப்பர்க் குழாயில் வெடிப்புண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே ஆசைப்படுவோர், தம் கார் மாதிரிக்கென்றே செய்யப்பட்ட, மூடிய பெட்டியுடன் கூடியதைத் தெரிந்தெடுக்கட்டும். கழற்றிய பழைய பெட்டியை மட்டும் இரும்புக்கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.